கார் பெயிண்டில் சிலந்திவலைக் கோடுகள்: வீட்டிலேயே மெஷின் பாலிஷ் போட்டு எடுப்பது எப்படி?

பகலில் நிழலில் நிற்கும் வண்டியைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. இரவில் பெட்ரோல் பங்கில் நிறுத்தும்போது மேலே எரியும் விளக்கு பானெட்டில் விழும் இடத்தைக் கவனியுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி மயிரிழை போன்ற கோடுகள் வட்டம் வட்டமாக, சிலந்தி வலை பின்னியது போலத் தெரியும். கறுப்பு, அடர்நீலம், அடர்சிவப்பு வண்டியில் அது கண்ணை உறுத்தும். வெள்ளை, சில்வர் வண்டியிலும் அதே அளவு கோடுகள் இருக்கலாம், சட்டென்று கண்ணில் படாது.

இவற்றை ஸ்விர்ல் மார்க் என்கிறார்கள். பார்க்க வட்டமாகத் தெரிந்தாலும் அவை வட்டக் கோடுகள் இல்லை. பெயிண்டின் மேல் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கீறல்கள் கிடக்கின்றன. விளக்கின் ஒளிக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டும் மின்னுகின்றன, அதனால் விளக்கைச் சுற்றி வளையம் போலத் தோன்றுகிறது. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வளையமும் கூடவே நகரும்.

எப்படி வந்தன? பெரும்பாலும் நாம் தினமும் துடைத்த துணியால்தான். இரவெல்லாம் வண்டியில் தூசி படிகிறது. காலையில் ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு பழைய பனியன் துணி. அதே தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கூரையிலிருந்து கதவு வரை ஒரே துடைப்பு. தூசியில் இருக்கும் மணல் துகள் பெயிண்டைவிடப் பல மடங்கு கடினமானது. துணிக்கு அடியில் மாட்டிக்கொண்டு, கை போன பக்கமெல்லாம் கோடு இழுக்கும். துடைப்பவர் எவ்வளவு அக்கறையாகத் துடைத்தாலும், தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவாமல் துடைத்தால் கோடு விழத்தான் செய்யும். வாட்டர் சர்வீஸில் எல்லா வண்டிக்கும் போடுகிற ஒரே ஸ்பாஞ்சும் இதையேதான் செய்கிறது.

பெயிண்ட் எவ்வளவு தடிமன்?

மெஷினைக் கையில் எடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட். கம்பெனி பெயிண்டில் இவை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் வரும். ஜெராக்ஸ் எடுக்கிற ஏ4 தாள் ஒன்று கிட்டத்தட்ட 100 மைக்ரான். அதாவது மொத்தப் பெயிண்டுமே ஒரு தாள், ஒன்றரைத் தாள் தடிமன்தான். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான், அரைத் தாள்.

கோடுகள் இருப்பது இந்த அரைத் தாளின் மேல்பரப்பில். பாலிஷ் போடுவது என்றால் கோட்டின் அடி மட்டம் வரை சுற்றியுள்ள பரப்பை மிக மிக மெல்லியதாகத் தேய்த்துச் சமப்படுத்துவது. லேசான கோடுகளுக்கு ஓரிரு மைக்ரான் போனால் போதும். ஆனால் எடுத்தால் எடுத்ததுதான், அது திரும்ப வராது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து கீழே இருக்கும் நிறத்தைக் காப்பாற்றுவதும் இந்த கிளியர் கோட்தான். அதனால் இந்த வேலையில் நான் விடாமல் பிடித்துக்கொள்கிற ஒரே விதி: எவ்வளவு குறைவாகத் தேய்த்துக் காரியம் ஆகுமோ, அவ்வளவோடு நிறுத்த வேண்டும். எல்லாக் கோட்டையும் ஒன்றுவிடாமல் எடுத்தே தீருவேன் என்று இறங்காதீர்கள். பத்தில் எட்டு போனாலே வண்டி புதிதுபோல இருக்கும்.

எது போகும், எது போகாது என்பதைக் கண்டுபிடிக்க நகமே போதும். கோட்டின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அது ஆழமான கீறல், அதை விட்டுவிடுங்கள். தட்டாமல் வழுக்கிப் போனால் பாலிஷுக்குப் போக வாய்ப்பு அதிகம்.

எந்த மெஷின் வாங்குவது?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு டூயல் ஆக்‌ஷன் பாலிஷர்தான். சுருக்கமாக டி.ஏ. என்பார்கள். இதில் பேட், அதாவது பெயிண்டில் படும் மெத்தை போன்ற வட்டு, ஒரு சின்ன வட்டப்பாதையில் அதிர்ந்துகொண்டே தானாகவும் சுழலும். ஒரே இடத்தில் அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும், சூடு அவ்வளவு எளிதில் ஏறாது. இந்தக் குணம்தான் கற்றுக்கொள்கிறவரைக் காப்பாற்றுகிறது.

ரோட்டரி மெஷின் அப்படி இல்லை. மோட்டார் சுற்றுகிற வேகத்துக்குப் பேடும் சுற்றியே தீரும். பழகிய கைக்கு அருமையான கருவி. பழகாத கையில் சில நொடிகளில் பெயிண்டைச் சுட்டுவிடும். எங்கள் தெருவில் ஒருவர் தன் கறுப்பு வண்டியை ஒரு கடையில் பாலிஷுக்கு விட்டு வாங்கி வந்தார். வெயிலில் பார்த்தால் கூரை முழுக்க மீன் வாலடித்தது போல ஒளிப்பட்டைகள். பானெட்டின் விளிம்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளப்பே இல்லாத மங்கலான இடம். அங்கே கிளியர் கோட் முழுதாகப் போய்விட்டது. அதற்கு எந்த பாலிஷும் மருந்தில்லை, அந்தப் பகுதிக்கு மறுபடி பெயிண்ட்தான் அடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தகடு அறுக்கிற ஆங்கிள் கிரைண்டரில் கம்பளி பேடை மாட்டி பாலிஷ் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். சாதாரண கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். பாலிஷ் ரோட்டரி முழு வேகத்தில் போனாலே ஏறக்குறைய மூவாயிரம்தான். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டி.ஏ. வாங்கும்போது ஆர்பிட் அளவு, அதாவது பேட் அதிரும் வட்டப்பாதையின் அகலம் கேளுங்கள். 8 மி.மீ., 15 மி.மீ., 21 மி.மீ. என்று கிடைக்கும். முதல் மெஷினுக்கு 8 அல்லது 15 நல்லது, வளைந்த இடத்திலும் கைக்கு அடங்கும். பேடை ஒட்டும் வட்டத் தட்டான பேக்கிங் பிளேட் 5 அங்குலம், அதற்கேற்ற ஃபோம் பேடுகள். பேடில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: நடுத்தரம் நான்கு, மென்மையானது இரண்டு வேண்டும். ஒரே பேடால் முழு வண்டியையும் முடிக்கலாம் என்று நினைத்தால், பாதியிலேயே அது பாலிஷ் ஊறிச் சூடாகிச் சொதசொதவென்று ஆகிவிடும்.

பாலிஷில் முரட்டு ரகத்துக்குக் காம்பவுண்ட் என்று பெயர். மென்மையானது ஃபினிஷிங் பாலிஷ். லேசான கோடுகளுக்கு ஒரு ஃபினிஷிங் பாலிஷும் ஒரு நடுத்தர பாலிஷும் போதும், மெகுவையர்ஸ், மென்செர்னா, 3எம் என எது உங்கள் ஊரில் கிடைக்கிறதோ அது. கோட்டை நீக்காமல் எண்ணெயும் மெழுகும் நிரப்பி மறைக்கிற பொருட்களும் பாலிஷ் என்ற பெயரில் விற்கின்றன. நாலு தடவை கழுவினால் கோடு திரும்ப எட்டிப்பார்க்கும். புட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

இவை தவிர பத்துப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணி, மாஸ்கிங் டேப், நல்ல வெளிச்சம் தரும் எல்.இ.டி. டார்ச், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி.

கழுவுவதும் களிமண்ணும்

இந்த வேலையில் பாதி நேரம் கழுவுவதற்குத்தான் போகும், போகவும் வேண்டும். பெயிண்டில் ஒரு மணல் துகள் மிஞ்சியிருந்தாலும் மெஷின் அதைப் பிடித்து நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை தேய்க்கும்.

முதலில் வெறும் தண்ணீரால் மேலிருந்து கீழாக அடித்துத் தூசியை விரட்டுங்கள். அப்புறம் இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறை போன்ற வாஷ் மிட்டை ஷாம்பில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவுங்கள், வெறும் தண்ணீரில் அலசுங்கள், மறுபடி ஷாம்பு. துணி சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சொட்டுகள் காய விடாமல் உடனே ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை படிந்திருந்தால், வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், குளிர்ந்த பெயிண்டில் துணியால் ஒரு நிமிடம் ஒற்றி வைத்துவிட்டு நன்றாக அலசிவிடுங்கள்.

கழுவிய பிறகு ஒரு மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம், பையோடு தடவும்போது உப்புத்தாள் போல நறநறக்கும். தண்ணீரால் போகாத இரும்புத் துகளும் தாரும் மரப்பிசினும் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். அயர்ன் ரிமூவர் அடித்தால் இரும்புத் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் கசிந்து வழியும், முதல் முறை பார்க்கிறவர் பயந்துவிடுவார். மிச்சத்துக்குக் கிளே பார் என்ற களிமண் கட்டி. ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, வழுக்கிக்கொண்டு போகும்படி அழுத்தாமல் தேயுங்கள். கிளே கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கழுவி எடுத்தாலும் உள்ளே பதிந்த மண் போகாது.

அப்புறம் வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்து, முன்பு இடித்து டிங்கரிங் பார்த்து மறுபெயிண்ட் அடித்த இடங்களைக் கண்டுபிடியுங்கள். நிறத்தில் சின்ன வித்தியாசம், ரப்பர் ஓரத்தில் பெயிண்ட் படிந்த தடம் இவை காட்டிக்கொடுக்கும். தடிமன் அளக்கும் மீட்டர் யாரிடமாவது கிடைத்தால் இன்னும் நல்லது: 300 மைக்ரானுக்கு மேல் காட்டினால் அங்கே பட்டி இருக்க வாய்ப்பு உண்டு. மறுபெயிண்ட் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது, அங்கே மென்மையான பேடோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள், ரப்பர், லோகோ, பேனலின் கூர்மையான விளிம்புகள் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக்கில் பாலிஷ் காய்ந்தால் வெள்ளைக் கறை லேசில் போகாது. கூர்மையான விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் பெயிண்ட் மற்ற இடத்தைவிட மெல்லியதாக இருக்கும், பேடும் அங்கேதான் அதிகம் அழுத்தும்.

ஒரு சதுரத்தில் சோதனை

வெயில் படாத இடம் வேண்டும், போர்டிகோவோ அபார்ட்மெண்டின் கீழ்த்தளமோ. பெயிண்ட் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கு காலை ஆறு மணிக்குத் தொடங்குவதுதான் பிடிக்கும், பதினொரு மணிக்குள் நல்ல பாதி வேலை முடிந்துவிடும்.

பானெட்டின் சமமான பகுதியில் இரண்டடிக்கு இரண்டடி சதுரம் ஒன்றை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த வேலையும் இந்தச் சதுரத்தில்தான் தீர்மானமாகிறது. முதலில் மிக மென்மையான கூட்டணி: மென்மையான பேட், ஃபினிஷிங் பாலிஷ். ஒரு சுற்று முடித்துத் துடைத்துவிட்டு, ஆல்கஹாலைத் தண்ணீரில் ஒன்றுக்கு நான்கு என்று கலந்து தெளித்துத் துடையுங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கோட்டை மறைத்துக் காட்டும், ஆல்கஹால் அந்த எண்ணெயை எடுத்துவிடும். இப்போது டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும்.

கோடுகள் அப்படியே இருந்தால் பேடை மட்டும் நடுத்தரத்துக்கு மாற்றுங்கள், பாலிஷ் அதேதான். அதற்கும் அசையவில்லை என்றால் பாலிஷையும் ஒரு படி ஏற்றுங்கள். திருப்தியான இடம் வந்ததும் நிறுத்தி, அந்தக் கூட்டணியைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு வண்டிக்கும் அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கு வேலை செய்தது உங்கள் வண்டிக்குச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில வண்டிகளின் கிளியர் கோட் மென்மை, சிலவற்றில் கல் மாதிரி.

பேடில் உங்கள் வண்டியின் நிறம் ஏறினால் அங்கே கொஞ்சம் நிதானியுங்கள். பழைய வண்டிகளில் கிளியர் கோட்டே இல்லாத ஒற்றை அடுக்குப் பெயிண்ட் இருக்கலாம், அப்படியானால் நிறம் வருவது இயல்பு. புது வண்டியில் நிறம் வந்தால் கிளியர் கோட் தாண்டிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்துங்கள்.

மெஷின் ஓடும் விதம்

பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு தடித்த கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் வெறுமனே அதிர்ந்தால் அதிகமாக அழுத்துகிறீர்கள், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. காதும் சொல்லிவிடும். அழுத்தம் கூடினால் மோட்டாரின் சத்தம் தாழ்ந்து முனகும்.

புதுப் பேடில் முதல் தடவை மட்டும் பாலிஷை மெல்லிய படலமாக விரலால் பூசுங்கள். அப்புறம் ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவில் நான்கு சொட்டு. அதிகம் போட்டால் அதிகம் வெட்டாது, பெயிண்டின் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். பேடைப் பெயிண்டில் ஒற்றி ஒற்றிச் சதுரம் முழுக்கப் பாலிஷைப் பரப்பி, பேட் பெயிண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே மெஷினை ஆன் செய்யுங்கள். காற்றில் ஆன் செய்தால் சுவரெல்லாம் பாலிஷ். ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் பெயிண்டில் உரசாது.

மெஷினின் வேகத்தை ஒன்றில் வைத்து ஒரு தடவை பரப்புங்கள். பிறகு வேகத்தை நான்கு அல்லது ஐந்துக்கு ஏற்றுங்கள். மெஷினின் எடையோடு கையின் எடையையும் வைத்தால் போதும், தோளைக் கொடுத்து அழுத்த வேண்டாம். கையை மெதுவாக நகர்த்துங்கள், நொடிக்கு ஓர் அங்குலம். முதல் முறை செய்கிறவர்கள் எல்லோரும் தரை துடைப்பது போல வேகமாக இழுக்கிறார்கள். பாலிஷ் வேலை செய்ய நேரம் வேண்டும். இடமிருந்து வலமாக, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் பாதியை மூடும்படி. அது முடிந்ததும் மேலிருந்து கீழாக. இப்படி நான்கு முதல் ஆறு தடவை. கடைசித் தடவை அழுத்தத்தை விட்டுவிட்டு மெஷினின் எடையில் மட்டும் ஓட விடுங்கள்.

பாலிஷ் மெல்லிய எண்ணெய்ப் படலமாகத் தெரியும்போது நிறுத்தித் துடைத்துவிடுங்கள். காய்ந்து பொடி பறந்தால் அதிக நேரம் ஓட்டிவிட்டீர்கள், அல்லது பெயிண்ட் சூடாக இருக்கிறது. புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஆற விடுங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூடு தகட்டைப் போலப் பரவாமல் அந்த இடத்திலேயே தங்கும். அங்கே வேகத்தையும் தடவையையும் குறையுங்கள்.

ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேடை ஒரு பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பேட் ஊறிவிட்டால் அடுத்தது. கீழே விழுந்த பேடைக் கழுவிக் காய வைக்காமல் மறுபடி மாட்டாதீர்கள்.

பானெட், கூரை, டிக்கி, கதவுகளின் மேல்பாதி என்று போய், மண் அதிகம் படியும் கதவின் அடிப்பாகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்கு அடியில் இருக்கும் குழிவில் மெஷின் நுழையாது. நகம் பட்ட கோடுகள் அங்கேதான் அதிகம். ஒரு சின்ன ஃபோம் துண்டில் பாலிஷ் தொட்டுக் கையால் தேயுங்கள். சின்ன வண்டிக்கே முதல் தடவை ஒரு நாள் முழுதாகப் பிடிக்கும். களைத்த கைதான் விளிம்பைத் தொடும். மிச்சத்தை மறுநாளுக்கு வைப்பதில் தப்பே இல்லை.

எல்லாம் முடிந்ததும் கறுப்பு வண்டியில் மெல்லிய புகை படிந்தது போல மங்கல் தெரிந்தால், மென்மையான பேடோடு ஃபினிஷிங் பாலிஷை இன்னொரு சுற்று ஓட்டுங்கள், போய்விடும்.

பிறகு என்ன?

பாலிஷ் போட்ட பெயிண்ட் மொட்டையாக நிற்கும். ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துவிட்டு, அன்றைக்கே பாதுகாப்புப் பூச்சாக ஒரு சீலண்டோ வாக்ஸோ பூசிவிடுங்கள். புட்டியில் சொன்ன நேரம் காயவிட்டுத் துடைத்தால் சரி.

தினசரித் துடைப்புக்குத்தான் முடிவு கட்ட வேண்டும். உங்கள் அபார்ட்மெண்டில் வண்டி துடைக்கும் அண்ணனிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், "அண்ணே, வெளியே பெயிண்டைத் துடைக்க வேண்டாம், கண்ணாடியும் உள்ளேயும் மட்டும் பாருங்க, சம்பளம் அதேதான்." தூசி படிந்த வண்டி வாரக்கடைசி வரை அப்படியே நிற்கட்டும். வாரம் ஒருமுறை தண்ணீர் அடித்து, இரண்டு பக்கெட்டில் கழுவி, சுத்தமான மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள். அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு போடாமல், கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்றாமல் தனியாகத் துவையுங்கள். தரையில் விழுந்த துணியைப் பெயிண்டுக்குத் திரும்பக் கொண்டுவராதீர்கள், டயர் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.